நூற்றெண்பது வித்தியாசம்

எங்கள் வாசிகசாலையின் கிழக்குச் சுவரில் ஒரு புகைப்படம் பல வருஷம் தொங்கியது. ஒன்பது பெரியவர்கள், நடுவில் ஒரு இளைஞர். பத்துப் பேர் கழுத்திலும் மாலை. பின்னால் ஒரு கரும்பலகை, அதில் வெண்கட்டியால் எழுதிய ஒரு பெருக்கல். படம் பிடித்தவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு இலக்கமும் துலக்கமாகத் தெரியும். அந்தப் பெருக்கல் பிழை. அந்தப் படத்தின் கீழ் வாங்குப் பலகையில் குந்தியிருந்து பேப்பர் வாசித்து, லண்டனில் செய்வது பிழை, கொழும்பில் செய்வது பிழை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்காவது, தலைக்கு மேலே தொங்குகிற பிழையை ஒருதரம் பெருக்கிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. பெருக்க இரண்டு நிமிஷம் போதும். நான் பெருக்கினேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றை இரட்டித்தால் இரண்டு, இரண்டை இரட்டித்தால் நாலு. இப்படி முப்பத்தொரு தரம் இரட்டித்து, வருவதில் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். 2147483647. வாயால் சொன்னால், இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இதை ஒன்றாலும் அதே எண்ணாலும் வகுக்கலாம், வேறு எதனால் வகுத்தாலும் மீதி வரும். இப்போது பகா எண் என்கிறார்கள். நாங்கள் பிரைம் நம்பர் என்றோம். ஐரோப்பாவில் ஒரு கணிதக்காரர், கண்பார்வை போய்க்கொண்டிருந்த வயதில், இது பகா எண்தான் என்று நிறுவினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் இதைவிடப் பெரிய பகா எண் ஒன்று இருப்பதாக யாரும் காட்டவில்லை.

இது எனக்குத் தெரிந்தது எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலுமாரியில் இருந்த ஒரு தடித்த அட்சரகணிதப் புத்தகத்தால். நான் அங்கே படித்து, அங்கேயே கீழ் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அத்தியாயம் சோதனைக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் சோதனைக்கு இல்லாத ஒரு பக்கத்தை யாராவது வாசித்தால் அவருக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அர்த்தம். அந்தப் பக்கங்கள் அச்சில் இருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. நான்தான் பென்சில் சீவும் பிளேட்டால் அவற்றை வெட்டிப் பிரித்தேன்.

வீட்டில் கஷ்டம் இருந்தது உண்மைதான். எனக்கு இருபத்துநாலு வயது, சாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் இருந்தால் புருஷன் நிலைக்க மாட்டான் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். அரியாலையில் இருந்து கரவெட்டி வரை தரகர் எங்கே போனாலும், குறிப்பை விரித்ததும் எதிர்வீட்டார் கோப்பியைக் குடித்துவிட்டு வேறு கதை கதைத்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த வேதக்காரப் பெண்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எனக்கு முன்னாலேயே கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். அவர்களுக்குச் செவ்வாய் இல்லை, ஞாயிறு மட்டும்தான் இருந்தது.

ஐயா வாசிகசாலைத் தலைவர். மலாயாவில் றெயில்வே ஸ்டேஷன் மாஸ்டராய் இருந்து பென்சனோடு வந்தவர். நேரந்தவறாத மனிதர், பொய்யைக் கண்டால் ஆகாது என்று தானே எல்லோருக்கும் சொல்லுகிறவர். அவர் ஒரு நாள் சாத்திரியார் வீட்டுக்கு ஒரு கடகம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அனுப்பினார். அடுத்த கிழமை என் சாதகம் புதிய தாளில், புதிய மையில், அழகான கையெழுத்தில் வந்தது. செவ்வாய் ஒன்பதாம் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டு மாட்டை அடுத்த வளவுக்கு ஓட்டக்கூட இதைவிடக் கூடப் பாடுபட வேண்டியிருக்கும். பழைய ஓலை அம்மாவின் பெட்டகத்தில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. எனக்குத் தெரியும், ஐயாவுக்கு எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

புதுத் தாளுக்கு உடனே பலன் கிடைத்தது. மாப்பிள்ளை கரவெட்டிக்காரர், பட்டணத்து ஆண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் படிப்பிப்பவர், கொழும்புத்துறையில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தவர். தகப்பன் இல்லை, மாமன்தான் எல்லாம். தரகர் இவரைப் பற்றி மூன்று விஷயம் சொன்னார். சிகரெட் பிடிக்க மாட்டார். சைக்கிள் சொந்தமாக வைத்திருக்கிறார். ஐரோப்பாக்காரன் வகுக்க முடியாது என்று சொன்ன ஒரு எண்ணை வகுத்திருக்கிறார்.

மூன்றாவதைக் கேட்டதும் ஐயா நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார்.

"வெள்ளைக்காரன் ஏலாது எண்டு விட்டதை எங்கடை பெடியன் செய்து போட்டானோ?"

"ஓம் ஐயா. நூற்றைம்பது வருஷமாய் ஒருத்தருக்கும் ஏலாமல் கிடந்தது."

"உதுக்கு நாங்கள் ஒரு கூட்டம் வைக்கவேணும்."

எந்த எண், எதனால் வகுபட்டது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கூட்டம் எந்தக் கிழமை, மாலை எந்தக் கடையில், வாழ்த்துப்பா யார் பாடுவது என்பவைதான் தோன்றின. எங்கள் ஊரில் ஒரு மனிதன் என்ன செய்தான் என்று தெரிய முதல் அவனுக்குப் பாராட்டு நடந்துவிடும். தெரிந்த பிறகு நடத்துவது கஷ்டம் என்பதாலோ என்னவோ.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வாசிகசாலை முற்றத்தில் பந்தல், பெண்களுக்கு ஒரு பக்கத்தில் பாய். நான் அம்மாவோடும் மாமியோடும் பாயில் இருந்தேன். ஐயாவின் தங்கைதான் மாமி. எங்களோடு இருந்தவர், என்னைக் காவல் காப்பதைத் தன் உத்தியோகமாக எடுத்துக்கொண்டவர். மாப்பிள்ளை மெலிந்த மனிதர். கழுத்தில் மாலை ஏறும்போது தலையைக் குனிந்து கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பழகிய தலை மாதிரிக் குனிந்தது. வாழ்த்துப்பா பாடியவர் எண்ணைச் செய்யுளுக்குள் அடக்க முடியாமல் 'இருநூறு கோடி சொச்சம்' என்று போட்டு முடித்தார். கைதட்டல் விழுந்தது.

பிறகு மாப்பிள்ளை கரும்பலகையில் எழுதினார்:

61 × 35204647 = 2147483647

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி தொடையில் கிள்ளினார். அறுபத்தொன்று! வகுத்து வகுத்துக் கண் கெட்ட ஒரு மனிதருக்கும், அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேராசிரியர்களுக்கும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வகுத்துப் பார்க்கிற அறுபத்தொன்றால் வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லையாம். அந்த எண் கொழும்புத்துறைக் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்காக நூற்றைம்பது வருஷம் காத்திருந்ததாம். இதை நம்புவதற்குக் கணிதம் தெரியாமல் இருந்தால் மட்டும் போதாது. தன் ஊரைப் பற்றி மிகப் பெரிய எண்ணமும் வேண்டும்.

ஓய்வு பெற்ற தலைமை வாத்தியார் ஒருவர் பிரம்போடு எழும்பினார். எங்கள் ஊரில் பாதிப்பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு அடித்து ஏற்றியவர் அவர். "சபையோருக்கு முன்னாலை சரி பாத்துக் காட்டுறன்" என்றார். ஒன்பது தள்ளிப் பார்ப்பது என்று எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரு முறை உண்டு. எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இலக்கம் வந்தால் சரி என்று சிலேட்டில் ஒரு கீறு போடுவோம். அவர் பிரம்பால் தட்டித் தட்டிக் கூட்டினார்.

"ஆறும் ஒண்டும் ஏழு. மற்றது மூண்டு, அஞ்சு, ரண்டு, நாலு, ஆறு, நாலு, ஏழு... முப்பத்தொண்டு, அது நாலு. ஏழு நாலு இருபத்தெட்டு. அது பத்து, பத்து ஒண்டு. இனி இஞ்சாலை... நாற்பத்தாறு, பத்து, ஒண்டு. ஒண்டுக்கு ஒண்டு!"

பந்தல் அதிர்ந்தது. ஒன்பது தள்ளிப் பார்த்தால் சில பிழை பிடிபடும், எல்லாப் பிழையும் பிடிபடாது. இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்தால் கூட்டுத்தொகை மாறாது. அந்த முறைக்கு அது தெரியவே தெரியாது. அந்த வாத்தியாருக்கும் தெரியாது. சாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்து எட்டுச் சரி என்று தாலி கட்டி வைக்கிறவர்களுக்கு, ஒன்றுக்கு ஒன்று சரி என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? படம் பிடித்தார்கள். நான் முன்னே சொன்ன படம் அதுதான்.

வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பெருக்கினேன். உண்மையில் பெருக்கத் தேவையே இல்லை. நான் வெட்டிப் பிரித்த பக்கங்களில் ஒரு விதி இருந்தது. இந்த எண்ணை ஏதாவது பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண் அறுபத்திரண்டின் மடங்கை விட ஒன்று கூடியதாக இருந்தே ஆக வேண்டும். அதோடு அதை எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ மீதி வர வேண்டும். இந்த இரண்டு கதவும் கடந்து முதலில் உள்ளே வருகிற பகா எண் முந்நூற்றுப் பதினொன்று. அறுபத்தொன்று படலையடியிலேயே நிற்கும். இன்னொன்று, நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பதுக்கு மேலே தேடவும் தேவையில்லை. அதற்கு மேலே ஒரு வகுஎண் இருந்தால் அதன் சோடி கீழே இருக்கும். இப்படிச் சலித்துச் சலித்து எடுத்தால் கோடிக்கணக்கில் வகுக்க வேண்டிய வேலை எண்பத்துச் சொச்ச வகுத்தலில் முடிந்துவிடும். அந்த ஐரோப்பாக் கிழவர் செய்தது அதைத்தான். அந்தப் பக்கத்தை முதலில் வாசித்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு பெரிய எண் இவ்வளவு ஒழுங்குக்குள் இருக்கிறதே என்று சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இருக்கவில்லை.

எனக்குப் பிழை எங்கே என்று பார்க்க வேண்டியிருந்தது. பெருக்கினால் 2147483467 வந்தது. பலகையில் இருந்தது 2147483647. ஆறும் நாலும் இடம் மாறியிருந்தன. வித்தியாசம் நூற்றெண்பது. சரியான எண்ணை அறுபத்தொன்றால் வகுத்தால் ஐம்பத்தெட்டு மீதி வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அம்மா பயற்றம் பணியாரம் சுட்டார். ஐயாவுக்குத் தான் மலாயா கண்டவர், நாகரிகம் தெரிந்தவர் என்று காட்ட வேண்டும். "ரண்டும் கணக்குப் படிச்ச பிள்ளையள். கொஞ்சம் கதைக்கட்டும்" என்று விறாந்தையில் இரண்டு நாற்காலி போடுவித்தார். மூன்றாவது நாற்காலியில் மாமி வந்து குந்தினார். நாகரிகம் அவ்வளவு தூரம்தான்.

மாப்பிள்ளை என்னிடம், என்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"உங்கடை எண்ணை நீங்கள் பெருக்கிப் பாத்தனீங்களோ?"

"ஒன்பதாலை சரி பாத்தனான்."

"நான் பெருக்கிப் பாத்தனான்" என்று கலண்டர்த் தாளை நீட்டினேன்.

அவர் கோபிப்பார், சிரித்து மழுப்புவார், பெண்பிள்ளைக்கு ஏன் உது என்று கேட்பார். இந்த மூன்றுக்கும் நான் பதில் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன், மூன்றும் நல்ல காரமான பதில்கள். அவர் தாளை மடியில் வைத்துத் தானும் ஒருதரம் பெருக்கினார். சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துப் பிரித்தார். முதல் வரியில் எண்ணே மாறிக் கிடந்தது. கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு சஞ்சிகையில் இருந்து எழுதிக்கொண்டு வந்தபோது ஆறையும் நாலையும் மாற்றிப் போட்டிருக்கிறார்; கரும்பலகையில் மட்டும் எண்ணை நினைவில் இருந்து சரியாக எழுதிவிட்டார். அதற்குக் கீழே வகுத்தல் ஒரு குற்றமும் இல்லாமல், முத்து முத்தான எழுத்தில் கடைசி வரை போய்ச் சைபரில் நின்றது. வேறு ஒரு எண்ணை அவர் மிகச் சரியாக வகுத்திருந்தார்.

அவருடைய காது சிவந்தது. "பிழைதான்" என்றார். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளை அந்தச் சொல்லைத் தனியாக, பின்னால் 'ஆனால்' போடாமல் சொன்னதை நான் அன்றுதான் முதல்முதல் கேட்டேன். ஆயத்தப்படுத்திய பதில் மூன்றும் வீணாய்ப் போயின.

பிறகு மாமிக்கு விளங்காமல் இருக்க இங்கிலீசில் சொன்னார். என் சாதகத்தைத் தான் பார்த்ததாகவும், மற்றக் கிரகங்கள் நிற்கிற நிலையை வைத்துப் பார்த்தால் செவ்வாய் அந்த வீட்டில் நிற்க வழியில்லை என்றும், என் பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துச் சரி பார்த்ததாகவும் சொன்னார். செவ்வாய் எட்டில். அது தனக்கு ஒரு பொருட்டில்லை, மாமனுக்கும் சொல்லவில்லை. தன்னுடையதை ஒன்பதால் பார்த்துவிட்டு என்னுடையதை மட்டும் முழுதாகக் கணித்துப் பார்த்தது வெட்கமாக இருக்கிறது என்று முடித்தார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஊரில் சரி பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்ததைக் காட்டத் தெரியாத சனியன் நான். சவால்தான் விடத் தெரிந்தது. நானும் இங்கிலீசுக்கு மாறினேன். நீங்கள் வாசிகசாலையில் எழும்பி உங்கள் எண் பிழை என்று சொல்லுங்கள், நான் என் சாதகம் பிழை என்று என் வீட்டில் சொல்லுகிறேன், இரண்டும் சரியான பிறகு கலியாணத்தைப் பார்ப்போம் என்றேன்.

அவர் கொப்பியை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப நான் முதலிலை சொல்லுறன்" என்று தமிழில் சொல்லிவிட்டு எழும்பினார். கணக்கைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்ததைக் கேட்டு ஐயாவுக்கு ஒரே பூரிப்பு.

அவர் சொன்னபடியே செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் மாதக் கூட்டம்; பெண்களுக்கு இடமில்லை, நான் வெளியே வேலியோரம் நின்று கேட்டேன். அவர் கரும்பலகையில் முழுப் பெருக்கலையும் எழுதி, தான் எண்ணைப் பிழையாகப் பார்த்து எழுதிவிட்டதாகவும், ஐரோப்பியர் நிறுவியது சரி என்றும், இந்த எண்ணை எதனாலும் வகுக்க ஏலாது என்றும் சொன்னார். மாலை போட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு தலைவரான ஐயாவின் குரல்:

"தம்பி, வித்தியாசம் எவ்வளவு?"

"நூற்றெண்பது."

"இருநூறு கோடியிலை நூற்றெண்பது என்ன பெரிய காரியம்? கிட்டத்தட்ட வகுபடுகுதுதானே! படம் பிடிச்சாச்சு. பேப்பருக்கும் அனுப்பியாச்சு. உதை உப்பிடியே விடுவம்."

சபை ஆமோதித்தது. தலைமை வாத்தியார், தன் ஒன்பது சரியாக வந்தபடியால் பிழை பெருக்கலில்தான் இருக்க வேண்டும் என்றார். கிட்டத்தட்ட வகுபடுகிற எண் ஒன்று இல்லை என்று விளக்க மாப்பிள்ளை வாயெடுத்தார். மீதி ஒன்று வந்தாலும் வகுபடாததுதான், நூற்றெண்பது வித்தியாசத்தில் இருப்பது முற்றிலும் வேறு ஒரு எண் என்றார். சிரித்தார்கள். அவர் விடவில்லை. அந்தப் படத்தை மாட்டக் கூடாது, பேப்பருக்கு மறுப்பு எழுதுவேன் என்றார். அப்போதுதான் சிரிப்பு கோபமாக மாறியது. பிழை செய்ததற்கு அவர்மேல் யாருக்கும் கோபமில்லை. அதைத் திருத்த நின்றதுதான் மன்னிக்க முடியாததாகப் போயிற்று.

ஐயா வீட்டுக்கு வந்து சால்வையை உதறினார். "ஊர் சிரிச்ச மாப்பிளை எங்களுக்கு வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார். ஊர் சிரித்ததில் முதல் சிரிப்பு அவருடையது என்பதை அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை தாய்மாமன் வந்தார். குடையை விறாந்தை மூலையில் சாத்திவிட்டு இருந்தார். நேர்மையான மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். நானும் அம்மாவும் மாமியும் கதவடியில் நின்றோம்.

"எங்கடை பெடியன் தன்ரை பிழையைச் சபையிலை சொல்லிப்போட்டான். அதாலை அவனுக்குக் குறைவு எண்டு நீங்கள் நினைச்சால் அது உங்கடை விருப்பம். அவன் ஒரு சொல் கேட்டுவரச் சொன்னவன். உங்கடை பக்கத்திலையும் திருத்தவேண்டியது ஏதும் இருந்தால் இப்ப சொல்லுங்கோ. என்ன எண்டாலும் அவனுக்குச் சம்மதமாம். எனக்கும் சம்மதம்."

ஐயாவின் முகம் கறுத்தது. "எங்கடை பக்கத்திலை என்ன திருத்தம்? சாதகத்திலை குற்றம் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கேக்கிறன்."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தன் வாயால் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும்; நேர்மைக்குப் பேர்போனவர்.

"பிள்ளை, உன்ரை சாதகம் சரிதானே?"

எவ்வளவு சின்ன வேலை. கொடுத்த வாக்கு, ஒரே ஒரு சொல். பெட்டகம் ஆறு அடி தூரத்தில் இருந்தது. ஓலை சேலைகளுக்கு அடியில் இருந்தது. அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் என் புருஷன். மாமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மறுமொழி முன்பே தெரியும் என்று எனக்கு இப்போதும் ஒரு நினைப்பு.

"ஓம் ஐயா" என்றேன்.

மாமன் எழும்பிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கோப்பி ஆறிப்போய் இருந்தது. மாமி அதை எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார்.

எனக்குப் பின்னால் ஒரு தங்கை இருந்தாள், விஷயம் வெளியே வந்தால் அவளுடைய கலியாணமும் கெட்டிருக்கும், அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நிமிஷம் தங்கை என் நினைவிலேயே இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். ஊரைப் பார்த்து இத்தனை நாள் உள்ளுக்குள் சிரித்தவளுக்கு, ஊர் ஒருதரம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்கத் தைரியம் இல்லை. அவர் அதை ஒரு சபை முழுக்கத் தாங்கினார்.

அவர் கல்லூரி வேலையை விட்டுவிட்டு மலாயாவுக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். படம் சுவரில் ஏறியது. வாழ்த்துப்பா பாடியவர் தன் பாட்டை அச்சடித்து விற்றார். எனக்கு மேலும் இரண்டு பேர் பேசி வந்தார்கள். புதுத் தாளைக் காட்டித்தான். இரண்டு பேரையும் நான் வேண்டாம் என்றேன். ஐயா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லப் பதில் இருந்தது, அது அவருக்கும் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு பொதி வந்தது. மலாயா முத்திரை. உள்ளே ஒரு தடித்த கொப்பி. முதல் பக்கத்தின் தலையில் 2147483647, ஒவ்வொரு இலக்கத்தின் கீழும் ஒரு புள்ளி. எண்ணிச் சரி பார்த்த அடையாளம். அதன் கீழே முந்நூற்றுப் பதினொன்றால் வகுத்தல், மீதி முப்பத்தைந்து, சிவப்பு மையில் கீறு. அடுத்த பக்கத்தில் ஆயிரத்து முந்நூற்று மூன்றால். அடுத்து ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பதால். இப்படியே எண்பத்துச் சொச்சப் பக்கம். அந்த விதியை அவரும் எங்கேயோ தேடிப் பிடித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டே சொல், 'சரி பார்க்கவும்', கீழே விலாசம். கடிதம் இல்லை.

பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் அதில் இருந்தேன். ஒவ்வொரு வகுத்தலையும் ஈவை எடுத்துப் பெருக்கி, மீதியைக் கூட்டி, முழு எண் வருகிறதா என்று பார்த்தேன். ஒன்பது தள்ளவில்லை. எண்பத்துச் சொச்சத்திலும் ஒரு பிழை இல்லை, ஒரு பக்கத்திலும் மீதி சைபர் இல்லை. அந்தக் கிழவர் சொன்னது சரி. அந்த எண்ணை ஒன்றும் வகுக்காது.

எழுதிப் போட ஒரு தாள் எடுத்தேன். 'எல்லாம் சரி' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'என்னுடையது பிழை' என்று எழுதாமல் அந்தத் தாளை அனுப்ப முடியாது. அதை எழுத நாளைக்கு, அடுத்த கிழமை, அடுத்த பள்ளித் தவணை என்று தள்ளினேன். உலகச் சண்டை தொடங்கியது. பிறகு ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான், கடிதப் போக்குவரத்து நின்றது. சண்டை முடிந்த பிறகு அந்த விலாசத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. அவர் சரி பார்க்கச் சொன்னார். நான் பார்த்தேன். சரி என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை.